ஆஃப்செட் இயந்திரத்துக்கு எந்தத் தேய்மானம்: நேர்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா?

இயந்திரம் போன்ற சொத்தின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவாக எழுதுவதே தேய்மானம். பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் தேய்மானப் பாடத்தை முடித்த மாணவர் எவரைக் கேட்டாலும், நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகை, குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு ஆண்டு குறையும் தொகை என்று தயங்காமல் சொல்வார். கணக்கையும் பிழையின்றிப் போடுவார். ஆனால் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ஏனெனில் தேர்வுத்தாளில் எந்த முறை என்பதைக் கேள்வியே சொல்லிவிடுகிறது, தொழிலில் சொல்வதற்கு ஆளில்லை. அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்பதை ஒரே ஓர் இயந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

சிவகாசியில் நாட்காட்டி, நோட்டு அட்டை, தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் சிறு அச்சகம் ஒன்று, பயன்படுத்திய ஆஃப்செட் இயந்திரம் ஒன்றை 18,50,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி வாடகை, இறக்குவதற்குக் கிரேன், அடித்தளக் கான்கிரீட், மின் இணைப்பு, பொருத்திக் கொடுத்த மெக்கானிக்கின் கூலி ஆகியவை 1,50,000 ரூபாய். இவை அனைத்தும் இயந்திரத்தின் அடக்கவிலையில் சேரும் என்பதால் ஏட்டில் ஏறும் தொகை 20,00,000 ரூபாய். வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையை அடக்கவிலையில் சேர்க்கக் கூடாது. ஒரே வரிக்கு வரவும் எடுத்து, தேய்மானமும் எடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. இயந்திரம் பத்தாண்டு ஓடும், அதன்பின் 2,00,000 ரூபாய்க்கு விலைபோகும் என்பது உரிமையாளரின் மதிப்பீடு. ஏப்ரல் 1 அன்றே ஓடத் தொடங்கியது என்றும் கொள்வோம்.

நேர்கோட்டு முறையில் 20,00,000 ரூபாயிலிருந்து எறிமதிப்பை, அதாவது கடைசியில் விலைபோகும் அந்த 2,00,000 ரூபாயைக் கழித்து, மீதி 18,00,000 ரூபாயைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் தேய்மானம். குறைந்துசெல் மதிப்பு முறையில், ஆண்டுதோறும் ஏட்டில் மிச்சமிருக்கும் மதிப்பில் 15 சதவீதம் என்று எடுத்தால் முதலாண்டில் 3,00,000, இரண்டாம் ஆண்டில் 2,55,000, மூன்றாம் ஆண்டில் 2,16,750, நான்காம் ஆண்டில் 1,84,238, ஐந்தாம் ஆண்டில் 1,56,602 ரூபாய். நான்காம் ஆண்டில் இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒரே தொகையைத் தொட்டு, ஐந்தாம் ஆண்டிலிருந்து இடம் மாறிக்கொள்கின்றன. பத்தாம் ஆண்டின் முடிவில் நேர்கோட்டு ஏடு சரியாக 2,00,000 ரூபாயில் வந்து நிற்க, 15 சதவீத ஏட்டில் இன்னும் 3,93,749 ரூபாய் மிச்சமிருக்கும். பத்தாண்டில் 2,00,000 ரூபாய்க்கு இறக்கியே தீர வேண்டுமென்றால் விகிதத்தை 20.57 சதவீதமாக வைக்க வேண்டும். பிறகு ஏன் எல்லோரும் 15 சதவீதத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்? வருமான வரியில் பொதுவான இயந்திரங்களுக்கு உள்ள விகிதம் அதுதான் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

வரி என்றதும் மாணவர்கள் மட்டுமல்லாமல் பல தொழில்முனைவோரும் கொண்டிருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் அகற்றியாக வேண்டும். குறைந்துசெல் மதிப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் தொடக்க ஆண்டுகளில் இலாபம் குறைவாகத் தெரியும், ஆகவே வரி மிச்சமாகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி நடப்பதில்லை. நாம் ஏட்டில் எந்த முறையை எழுதினாலும், வரிக் கணக்கீட்டில் ஏட்டுத் தேய்மானம் முழுவதும் இலாபத்தோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, வரிவிதிகளின்படியான தேய்மானம் மட்டும் கழிக்கப்படுகிறது. மின் உற்பத்தி நிறுவனங்களுக்கு உள்ள தனிச் சலுகையை விட்டுவிட்டால், வரிவிதிகள் அறிந்தது குறைந்துசெல் மதிப்பு முறை ஒன்றைத்தான். 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அங்கே தனித்தனி இயந்திரத்துக்குக் கணக்கே கிடையாது. ஒரே விகிதமுள்ள ஒரே இனச் சொத்துகள் அனைத்தும் ஒரு தொகுதியாகக் கூட்டப்பட்டு, அந்தத் தொகுதியின் மேல்தான் தேய்மானம். அச்சு இயந்திரம் 15 சதவீதத் தொகுதியிலும், கணினி 40 சதவீதத் தொகுதியிலும், மேசை நாற்காலிகள் 10 சதவீதத் தொகுதியிலும் அடங்கும். தேய்மானத்தை இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று தள்ளிவைக்கவும் முடியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் கழித்ததாகவே கொள்ளப்படும். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் இலாபம் என்று அனுமான அடிப்படையில் வரி கட்டும் சிறு அச்சகங்களுக்கோ தனியாகத் தேய்மானம் கழிக்கும் பேச்சே இல்லை. அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அது அடங்கிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது.

வரியில் உண்மையிலேயே கைக்காசைத் தொடுவது முறை அல்ல, தேதி. ஓர் இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பாட்டில் இருந்தால் முதலாண்டில் பாதி விகிதமே கிடைக்கும். மார்ச் 31இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அந்த எல்லை அக்டோபர் முதல் வாரத்தில் விழுகிறது. விஜயதசமியன்று பூஜை போட்டுப் புது இயந்திரத்தை ஓட விட வேண்டும் என்ற விருப்பம் நம்மூர் முதலாளிகளுக்கு உண்டு. பண்டிகை அக்டோபர் பிற்பாதியில் வரும் ஆண்டுகளில் அந்த விருப்பம் முதலாண்டுத் தேய்மானத்தை 3,00,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக்கிவிடும். விட்டுப்போன பாதி தொகுதியில் தங்கிப் பிந்தைய ஆண்டுகளில் வரும் என்பதால் அது இழப்பு ஆகாது, தாமதம்தான். ஆனாலும் கடன் வாங்கி இயந்திரம் போட்டவருக்கு அந்த ஆண்டுப் பணம் அந்த ஆண்டில் வேண்டும்.

ஆக, வரியைத் தேர்விலிருந்து எடுத்துவிட்டோம். மிஞ்சும் கேள்வி, இரண்டு முறைகளில் எது இந்த இயந்திரத்தின் கதையை உள்ளபடி சொல்கிறது என்பதே.

ஆஃப்செட் இயந்திரம் முதலாண்டில் செலவு அதிகம் வைப்பதில்லை. அவ்வப்போது பிளாங்கெட் மாற்றுவது, மை, எண்ணெய், சுத்தம் செய்யும் துணி என்று போய்விடும். நான்கைந்து ஆண்டு ஆனபிறகு ரப்பர் ரோலர்கள் இறுகிப்போய் மாற்றக் கேட்கும். பேரிங் சத்தம் கொடுக்கும். தாளைப் பிடிக்கும் கிரிப்பர் சரியாகப் பிடிக்காமல் வண்ணம் வண்ணத்தின் மேல் உட்காராது. ஒரு ரீம் தாள் வீணாகும் இடத்தில் இரண்டு ரீம் வீணாகும். பழுதுச் செலவு முதலாண்டில் 20,000 ரூபாய், ஐந்தாம் ஆண்டில் 1,50,000 ரூபாய் என்று கொண்டு, அதோடு தேய்மானத்தைக் கூட்டிப் பாருங்கள். நேர்கோட்டு முறையில் முதலாண்டின் மொத்தச் சுமை 2,00,000 ரூபாய், ஐந்தாம் ஆண்டில் 3,30,000 ரூபாய். குறைந்துசெல் மதிப்பு முறையில் முதலாண்டில் 3,20,000 ரூபாய், ஐந்தாம் ஆண்டில் 3,06,602 ரூபாய். அதே இயந்திரம், அதே வேலை. ஓர் ஏட்டில் செலவு மலைபோல் ஏறுகிறது, மற்றதில் ஏறத்தாழச் சமதளமாக நிற்கிறது. பாடநூலில் ஒரு வரியில் வரும் ‘பழுதுச் செலவும் தேய்மானமும் சேர்ந்து சீராக அமையும்’ என்ற நன்மைக்கு இதுதான் பொருள். நகரும் பாகங்கள் நிறைந்த எந்த இயந்திரத்துக்கும், லாரிக்கும், இரு சக்கர வாகனத்துக்கும் இது பொருந்தும்.

அச்சகத்தின் அலுவலக அறையில் இருக்கும் இரும்பு அலமாரிக்கு இது பொருந்தாது. அது முதலாண்டில் தரும் பயனையே எட்டாம் ஆண்டிலும் தருகிறது, பழுதும் கேட்பதில்லை. பத்தாண்டுக் குத்தகைக் கட்டடத்தில் போட்ட தடுப்புச் சுவரும் அப்படியே. இவற்றுக்கு நேர்கோடுதான் இயல்பு. கணினியின் கதை வேறு. அது தேய்வதைக் காட்டிலும் பழசாவதால்தான் மதிப்பிழக்கிறது. 50,000 ரூபாய்க் கணினி 40 சதவீதத்தில் ஓராண்டில் 30,000, ஈராண்டில் 18,000, மூன்றாண்டில் 10,800 ரூபாய்க்கு இறங்குவது பழைய கணினிக் கடையில் கிடைக்கும் விலைக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

விற்கும் நாளில் இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும். ஐந்தாண்டு ஓடியபின் இயந்திரத்தை 9,50,000 ரூபாய்க்கு ஒருவர் கேட்கிறார், கொடுத்தும் விடுகிறோம். நேர்கோட்டு ஏட்டில் அன்றைய மதிப்பு 11,00,000 ரூபாய் என்பதால் 1,50,000 ரூபாய் நட்டம். குறைந்துசெல் மதிப்பு ஏட்டில் அன்றைய மதிப்பு 8,87,411 ரூபாய் என்பதால் 62,589 ரூபாய் இலாபம். கைக்கு வந்த பணம் ஒன்றே. ஒருவருக்கு நட்டம், மற்றவருக்கு இலாபம் என்பது முதல் பார்வையில் ஏமாற்றுவேலை போலத் தோன்றும். ஐந்தாண்டையும் கூட்டிப் பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். நேர்கோட்டில் ஐந்தாண்டுத் தேய்மானம் 9,00,000, அதோடு விற்பனை நட்டம் 1,50,000, ஆக 10,50,000 ரூபாய். மற்றதில் தேய்மானம் 11,12,589, அதிலிருந்து விற்பனை இலாபம் 62,589 போக அதே 10,50,000 ரூபாய். 20,00,000 ரூபாய்க்கு வாங்கி 9,50,000 ரூபாய்க்கு விற்றால் போனது 10,50,000 ரூபாய். அதைக் கூட்டவோ குறைக்கவோ எந்த முறைக்கும் சக்தியில்லை. எந்த ஆண்டின் தலையில் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டுமே முறை தீர்மானிக்கிறது. மாணவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை தம் கையால் போட்டுப் பார்த்துவிட்டால் தேய்மானப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரிதான். வரிக் கணக்கில் இந்த இலாபமும் நட்டமும் தனியாக எழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விற்ற தொகை தொகுதியிலிருந்து கழிக்கப்படும், அவ்வளவுதான், தொகுதியே தீர்ந்துபோனாலொழிய.

எந்த ஆண்டின் தலையில் என்பது தனியாள் வணிகத்தில் பெரிய விஷயமில்லை, ஏனென்றால் எல்லா ஆண்டும் அவர் தலைதான். கூட்டாண்மையில் அப்படியில்லை. நான்காம் ஆண்டு முடிவில் ஒரு கூட்டாளி விலகி, வேறொருவர் சேர்கிறார் என்று வையுங்கள். அதுவரை நேர்கோட்டில் 7,20,000 ரூபாய் இலாபத்திலிருந்து கழிந்திருக்கும். குறைந்துசெல் மதிப்பில் 9,55,988 ரூபாய். விலகுபவர் தன் பங்கில் கூடுதல் சுமையைத் தாங்கிவிட்டு, ஏட்டு மதிப்பின்படி கணக்கு முடித்தால் குறைந்த மதிப்புள்ள இயந்திரத்தில் பங்கு வாங்கிக்கொண்டு போகிறார். புதியவரோ இலேசான ஆண்டுகளில் வந்து உட்காருகிறார். விலகும்போது சொத்துகளைச் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று கூட்டாண்மை ஒப்பாவணத்தில் ஒரு வரி இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. அந்த வரி இல்லாத ஒப்பாவணங்கள் எத்தனையோ உண்டு. பாடநூலில் கூட்டாளி விலகல் பாடத்தில் மறுமதிப்பீட்டுக் கணக்கு ஏன் வருகிறது என்று புரியாமல் போடும் மாணவர்கள், தேய்மானப் பாடத்தோடு அதை இணைத்துப் பார்த்தால் அதன் அவசியம் விளங்கும்.

வங்கியைப் பற்றி இரண்டு சொல். தேய்மானம் பணமாக வெளியே போகும் செலவு அல்ல என்பதால், தவணைக் கடனைத் திருப்பிக் கட்டும் திறனைக் கணக்கிடும்போது வங்கி அதை இலாபத்தோடு திரும்பக் கூட்டிக்கொள்கிறது. தேய்மானத்துக்கு முன் இலாபம் 6,00,000 ரூபாய் என்றால், நேர்கோட்டில் 4,20,000 என்று காட்டினாலும் மற்றதில் 3,00,000 என்று காட்டினாலும் வங்கியின் தாளில் அது மீண்டும் 6,00,000 ஆகிவிடும். ஆகவே கடனுக்காக நேர்கோட்டுக்கு மாறுவதில் நினைத்த பலன் கிடைக்காது. இருப்புநிலைக் குறிப்பில் சொந்த முதல் மட்டும் சற்றுத் தடித்துத் தெரியும்; நம் எடுத்துக்காட்டில் நான்காம் ஆண்டு முடிவில் அந்த வேறுபாடு உச்சமாக 2,35,988 ரூபாய். கடன் வரம்பு விளிம்பில் நிற்கும் ஒரு தொழிலுக்கு அது பயன்படலாம்.

நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்குத் தேர்வின் எல்லை வேறு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 2014 ஏப்ரல் முதல், விகிதத்தைச் சொல்வதை விட்டுவிட்டுப் பயன்தரு ஆயுட்காலத்தைச் சொல்கிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, கணினிக்கு 3 ஆண்டு, அறைகலன்களுக்கு 10 ஆண்டு. எறிமதிப்பு பொதுவாக அடக்கவிலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முறையை அது நம்மிடமே விட்டுவிட்டது. 20,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு இந்தக் கணக்கில் நேர்கோட்டுத் தேய்மானம் ஆண்டுக்கு 1,26,667 ரூபாய். குறைந்துசெல் மதிப்பில் விகிதம் 18.10 சதவீதமாக அமைவதால் முதலாண்டில் 3,62,000 ரூபாய். ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு. பங்குதாரர்களுக்குச் சீரான இலாபம் காட்ட விரும்பும் நிறுவனங்கள் நேர்கோட்டின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. ஆனால் அப்படிச் சாய்ந்தால் ஏட்டு இலாபமும் வரி இலாபமும் ஆண்டுதோறும் பிரிந்து நிற்கும். அந்த இடைவெளிக்கு ஒத்திவைக்கப்பட்ட வரி என்று ஒரு கணக்கைத் தொடங்கிப் பராமரிக்க வேண்டிவரும். அதே அட்டவணையில், இயந்திரம் இரண்டு ஷிப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதமும், மூன்று ஷிப்ட் ஓடினால் 100 சதவீதமும் கூடும் என்ற விதி உண்டு. ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியிட்டுவிட்டு மார்கழி வரை இரவும் பகலும் நாட்காட்டி அடிக்கும் ஊரில் இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடாது.

அந்த விதியே நம்மை மூன்றாவது வழிக்குக் கொண்டுபோகிறது. ஆஃப்செட் இயந்திரத்தில் எத்தனை தாள் ஓடியது என்று காட்டும் கவுண்டர் இருக்கிறது. இன்னும் 6 கோடி இம்ப்ரெஷன் (ஒருமுறை தாளில் அச்சு விழுவது ஓர் இம்ப்ரெஷன்) ஓடும் என்று மெக்கானிக் மதிப்பிட்டால், 18,00,000 ரூபாயை அதால் வகுக்க, ஓர் இம்ப்ரெஷனுக்கு 3 பைசா, ஆயிரத்துக்கு 30 ரூபாய் தேய்மானம். 80 லட்சம் ஓடிய நல்ல ஆண்டில் 2,40,000 ரூபாய், 30 லட்சம் மட்டுமே ஓடிய மந்தமான ஆண்டில் 90,000 ரூபாய். உற்பத்தி அலகு முறை எனப்படும் இதைக் கணக்கியல் தரநிலைகள் ஏற்கின்றன. வருமான வரி ஏற்பதில்லை. ஓடாமல் நின்றாலும் இயந்திரம் பழசாகிறது என்பது இதன் குறை. ஆனால் விலைப்புள்ளி கொடுக்க இதைப் போல உதவுவது வேறில்லை. ஆயிரம் லேபிளுக்கு என்ன விலை என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, மை, தாள், பிளேட், கூலி எல்லாம் போட்டுவிட்டு இயந்திரத்தின் பங்கை மறந்துவிடுகிற அச்சகங்கள் அதிகம். ஆயிரத்துக்கு 30 ரூபாய் சிறு தொகைதான். 80 லட்சம் இம்ப்ரெஷனுக்குப் பின் அது 2,40,000 ரூபாய்.

ஆண்டுத்தொகை முறை, தேய்மான நிதி முறை, காப்பீட்டுப் பத்திர முறை என்று பாடநூல் அடுக்கும் பிறவற்றைச் சிறு தொழிலில் நான் கண்டதில்லை. அவற்றில் தேய்மான நிதி முறையின் கருத்து மட்டும் நினைவில் வைக்கத்தக்கது. நேர்கோட்டிலும் குறைந்துசெல் மதிப்பிலும் தேய்மானம் எழுதியதால் பத்தாம் ஆண்டில் புது இயந்திரம் வாங்கப் பெட்டியில் பணம் இருக்கும் என்பதில்லை. எழுதிய தொகைக்கு ஈடான பணம் அதற்குள் தாள் இருப்பாகவோ வாடிக்கையாளர் பாக்கியாகவோ மாறியிருக்கும். ஆண்டுதோறும் அந்தத் தொகையை வெளியே முதலீடு செய்து வைப்பதுதான் தேய்மான நிதி முறை.

குறைந்துசெல் மதிப்பின் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது ஒருபோதும் சுழியத்தைத் தொடாது. நான் கணக்கெழுதப் பழகிய காலத்தில் ஓர் அச்சகத்தின் பேரேட்டைப் புரட்டியபோது டிரெடில் என்ற பழைய வகை அச்சு இயந்திரம் ஒன்றின் பெயரில் சில நூறு ரூபாய் நின்றது. இயந்திரம் எங்கே என்று கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது என்றார்கள். ஆண்டுதோறும் அதற்கு 15 சதவீதம் கழித்து, இல்லாத இயந்திரத்தைச் சிரத்தையோடு தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நேர்கோட்டு முறையில் கணக்கு ஒருநாள் எறிமதிப்பில் வந்து நின்று, இயந்திரம் இருக்கிறதா என்று கேட்க வைக்கும்.

முறையைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்றால், முடியும்; காரணம் வேண்டும். முன்பு முறையை மாற்றினால் தொடக்கம் முதல் புதிய முறையில் மறுபடி கணக்கிட்டு வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2016இல் திருத்தப்பட்ட கணக்கியல் தரநிலை 10, இதை மதிப்பீட்டில் வந்த மாற்றமாகக் கருதுகிறது; இருக்கும் ஏட்டு மதிப்பை எடுத்துக்கொண்டு வருங்காலத்துக்கு மட்டும் புதிய முறையைப் பொருத்தினால் போதும். பழைய பாடநூல்களின் பழைய கணக்குகளைப் பார்த்துப் பயிலும் மாணவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

நம் சிவகாசி அச்சகம் தனியாள் வணிகமாக இருந்தால், என் தேர்வு குறைந்துசெல் மதிப்பு முறை, விகிதம் 15 சதவீதம். பழுது கூடிக்கொண்டே போகும் இயந்திரத்துக்கு அது ஒத்துப்போகிறது. ஏடும் வரிக் கணக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே நடப்பதால் கணக்கர் இரண்டு பட்டியல் வைக்கத் தேவையில்லை. கூட்டாண்மை என்றாலும் அதையே சொல்வேன், மறுமதிப்பீட்டு வரியை ஒப்பாவணத்தில் சேர்த்த பிறகு. பிரைவேட் லிமிடெட் ஆகி வெளிமுதலீட்டாளரும் வந்துவிட்டால் இயந்திரத்துக்கும் நேர்கோட்டை ஏற்கலாம். எந்த வடிவமாக இருந்தாலும் அலமாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் ஏட்டில் நேர்கோடு போதும். வரிக்காக ஒரு சிறு துணைப்பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இவற்றோடு, மார்ச் 31 மாலை இருப்பெடுக்கும்போது தாள் கட்டுகளை எண்ணுபவர் இயந்திரத்தின் கவுண்டர் எண்ணையும் அதே தாளில் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆடியில் விலைப்புள்ளி போடும்போது அந்த எண்தான் தேவைப்படும்.